வெள்ளைச் சுவரின் முன் அமர்த்தப்பட்ட பெண்கள்



சென்ற மாதம் மாலை நேர வகுப்பு முடிந்தபின் மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கி வந்து நின்றாள். பத்தாம் வகுப்பில் படிப்பவள். கல்வி உதவித்தொகை விண்ணப்பத்துக்குப் பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்கத் தன் தாயாருடன் ஸ்டுடியோவுக்குப் போயிருக்கிறாள். படம் எடுப்பவர், முக்காட்டைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிடச் சொல்லியிருக்கிறார். "ரெண்டு காதும் தெரியணும்மா, இல்லேன்னா திருப்பி அனுப்பிடுவாங்க" என்றாராம். அவளும் அப்படியே செய்துவிட்டு வந்துவிட்டாள். என்னிடம் வந்தது கூடுமா, கூடாதா என்று கேட்பதற்கு அல்ல. "முகம்தான் நல்லாத் தெரியுதே ஹஜ்ரத், காது எதுக்கு?" என்றாள்.

கூடுமா என்று கேட்டிருந்தால் விடை ஆயத்தமாக இருந்தது. எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைகு முஹம்மது பகீத் அல்முதீஈ, காமிராவில் பதிவது நிழலைத் தடுத்து நிறுத்துவதே தவிர உருவம் படைப்பதாகாது என்று வாதிட்டுத் தனி நூலே எழுதினார். நம் நாட்டு உலமாக்களில் பெரும்பாலோர் அவ்வாதத்தை ஏற்கவில்லை. ஆயினும் கடவுச்சீட்டு, அடையாள அட்டை போன்ற தவிர்க்க முடியாத தேவைகளுக்கு இடமளித்தார்கள். இதை ஒரு வாரம் விரித்துப் பாடம் நடத்தியிருப்பேன். ஆனால் காது எதற்கு என்ற கேள்வி எந்த ஃபிக்ஹு நூலிலும் இல்லை. அது வரலாற்றுக்குரிய கேள்வி. அதைத் தேடிப் போனதில்தான் இந்தக் கட்டுரை பிறந்தது.

காதின் கதை பாரிஸ் நகரக் காவல்துறைத் தலைமையகத்தில் தொடங்குகிறது. 1879இல் அங்கே அல்ஃபோன்ஸ் பெர்த்தியோன் என்னும் இளைஞர் எழுத்தராகச் சேர்ந்தார். அக்காலத்தில் பிரெஞ்சுக் காவல்துறைக்கு ஒரு தலைவலி இருந்தது. பழைய குற்றவாளிகள் புதிய பெயரோடு வந்து நின்றால் கண்டுபிடிக்க வழியில்லை. உடலில் சூடு போட்டு அடையாளமிடும் வழக்கம் 1832இலேயே நீக்கப்பட்டிருந்தது. பிடிபட்டவர்களைப் புகைப்படம் எடுத்து வைத்திருந்தார்கள். ஆயிரக்கணக்கில் குவிந்திருந்த அப்படங்களில் தேவையான ஒன்றைத் தேடி எடுக்க ஒழுங்குமுறை இல்லை. பெயரைக் கொண்டு அடுக்கினால், பெயரே பொய்யாக இருக்கும்போது என்ன பயன்?

பெர்த்தியோன் பெயரை ஒதுக்கிவிட்டு உடலை அளந்தார். தலையின் நீளம், அகலம், நடுவிரல், இடது பாதம், முழங்கை முதல் விரல்நுனி வரை என்று அளவுகளை எடுத்து, அவற்றின் வரிசையில் அட்டைகளை அடுக்கினார். பின்னர் படம் எடுக்கும் முறையையும் ஒழுங்குபடுத்தினார். ஒரே நாற்காலி, ஒரே தூரம், ஒரே வெளிச்சம். நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். பக்கவாட்டுப் படம் எதற்கென்றால், பெரிதும் காதுக்காகவே. சிரிப்பு முகத்தை மாற்றும், தாடி மாற்றும், முதுமையும் மாற்றும். காதின் மடிப்புகளோ எளிதில் மாறுவதில்லை, இருவருக்கு ஒன்றுபோல் அமைவதுமில்லை என்று அவர் உறுதியாக நம்பினார். காதுகளை மட்டும் வகைபிரித்து வரிசை வரிசையாகப் படங்கள் தொகுத்தார்.

என் மாணவிக்குச் சொல்ல இதுவே போதுமானதாக இருந்தது. அவள் காதைக் கேட்ட அந்த ஸ்டுடியோக்காரர், தாம் அறியாமலேயே பாரிஸ் காவல்துறையின் பழைய ஆசை ஒன்றைத் திருப்பிச் சொல்லியிருக்கிறார். ஆனால் எனக்கு அது போதவில்லை.

புகைப்படம் வந்த புதிதில் அது ஒரு கௌரவம். நல்ல உடை உடுத்தி அமர்ந்து, 'என்னை இப்படி நினைவில் வையுங்கள்' என்று ஒருவர் தாமே கேட்டு எடுத்துக்கொள்வது அது. பெர்த்தியோனின் படத்தில் அமர்ந்திருப்பவருக்கு அத்தகைய விருப்பம் ஏதும் இல்லை. எப்படி உட்காருவது, எங்கே பார்ப்பது, யாரிடம் படம் இருப்பது என்பதெல்லாம் எதிரே நிற்பவரின் தீர்மானம். இரண்டும் ஒரே கருவியால் எடுக்கப்பட்டவை. ஒன்றில் மனிதர் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்கிறார். மற்றதில் அவர் கோப்பில் ஓர் எண்ணாகிறார்.

இது பாரிஸோடு நிற்கவில்லை. உண்மையில், அடிமை நாடுகளில் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1857 கிளர்ச்சிக்குப் பின் ஆங்கில அரசு, தான் ஆளும் மக்கள் யார் யார் என்று அறியத் துடித்தது. 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்ற பெயரில் எட்டுத் தொகுதிகள் வெளியாயின. நானூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். பலவற்றின் கீழே ஆளின் பெயர் இராது, சாதியின் பெயர் இருக்கும், கூடவே அச்சாதி அரசுக்கு விசுவாசமானதா என்ற குறிப்பும் சிற்சில இடங்களில் இருக்கும். 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. கல்கத்தாவில் 1897இல் விரல்ரேகைப் பணியகம் அமைந்தது. அதன் வகைப்பாட்டு முறையை உருவாக்கியதில் காஜி அஸீஸுல் ஹக் என்னும் நம்மவர் ஒருவருக்கும் ஹேமச்சந்திர போஸுக்கும் பெரும் பங்கு உண்டு. புகழ் மட்டும் மேலதிகாரியான எட்வர்ட் ஹென்றியின் பெயருக்குப் போனது. அஸீஸுல் ஹக்கின் அறிவுத்திறனை எண்ணிப் பெருமைப்படுவதா, அது எதற்குப் பயன்பட்டது என்று எண்ணி வருந்துவதா என்று எனக்கு இன்றும் தெளிவில்லை. அந்த ரேகை நம் மதுரைச் சீமைக்கும் வந்தது. 'ரேகைச் சட்டம்' என்றே மக்கள் அதை அழைத்தார்கள். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரு பெண் உட்படப் பலர் உயிரிழந்தார்கள்.

ஆனால் இந்த வரலாற்றில் என்னை உறங்கவிடாமல் செய்தது அல்ஜீரியாவின் பக்கம்தான்.

அல்ஜீரியாவை 1830இல் பிரான்சு கைப்பற்றத் தொடங்கியது. 1954 நவம்பர் 1 அன்று விடுதலைப் போர் வெடித்தது. போராளிகள் மலைகளில் இருந்தார்கள்; அவர்களுக்கு உணவும் செய்தியும் கொண்டுசென்றது மலையோரக் கிராமங்கள். மீன் இருக்கும் குளத்து நீரை வற்றச் செய்வதுபோல, கிராமங்களையே காலி செய்ய இராணுவம் முடிவெடுத்தது. வீடுகள் இடிக்கப்பட்டன அல்லது எரிக்கப்பட்டன. மக்கள் முள்வேலியும் காவற்கோபுரமும் சூழ்ந்த 'மறுகுடியமர்வு' முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். போர் முடிவதற்குள் இவ்வாறு வேரோடு பிடுங்கப்பட்டவர்கள் இருபது இலட்சத்துக்கும் மேல். பிற்காலத்தில் பிரான்சின் பிரதமரான மிஷேல் ரோக்கார், 1959இல் இளம் அதிகாரியாக இம்முகாம்களைப் பார்வையிட்டு, குழந்தைகள் பசியால் மடிவதை அறிக்கையாக எழுதினார். அது செய்தித்தாள்களுக்குக் கசிந்து பெரும் சலசலப்பாயிற்று. முகாம்கள் மட்டும் நின்றபாடில்லை.

முகாமில் அடைத்துவிட்டால் போதாது. உள்ளே இருப்பவர் யார், வெளியே போனவர் யார், இரவில் வந்தவர் யார் என்று தெரிய வேண்டும். அதற்கு அடையாள அட்டை வேண்டும். அட்டைக்குப் படம் வேண்டும்.

இங்கே ஒரு சிறு விலகல். அடையாள அட்டையின் கொடுமையைப் பிரெஞ்சு மக்களே அப்போதுதான் அனுபவித்து முடித்திருந்தார்கள். நாஜிகளுக்குப் பணிந்த விஷி அரசு 1940 அக்டோபரில் அட்டையைக் கட்டாயமாக்கியது. யூதர்களின் அட்டைகளில் 'யூதர்' என்ற முத்திரை குத்தப்பட்டது. போர்தோ நகரில் யூதர்களை நாடுகடத்துவதில் பங்கெடுத்த மோரிஸ் பாபோன் என்ற அதிகாரி, பின்னர் அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் பகுதியில் ஆட்சி செய்தார். அதன்பின் பாரிஸ் காவல்துறைத் தலைவரானார். 1961 அக்டோபர் 17 அன்று பாரிஸில் அமைதியாக ஊர்வலம் வந்த அல்ஜீரியர்கள் கொல்லப்பட்டது அவர் பொறுப்பில் இருந்தபோதுதான். யூதர்கள் விஷயத்துக்காக 1998இல் அவர் தண்டிக்கப்பட்டார். ஒரே கை, ஒரே கோப்பு அலமாரி. நேற்று அஞ்சியவன் இன்று அச்சுறுத்துபவனாக மாற அதிக காலம் தேவைப்படுவதில்லை.

அல்ஜீரியாவில் முகத்திரைக்கு வேறொரு பொருளும் சேர்ந்திருந்தது. 1958 மே மாதத்தில் அல்ஜியர்ஸ் நகரப் பொதுவெளியில், பெண்கள் சிலர் மேடையேறித் திரையைக் களையும் நிகழ்ச்சிகளை இராணுவத்தின் ஆதரவோடு நடத்தினார்கள். 'விடுவிக்கிறோம்' என்று அதற்குப் பெயர். மறு ஆண்டே ஃபிரான்ஸ் ஃபனோன் எழுதிய நூலில் இதைப் பற்றி ஓர் அத்தியாயம் வந்தது. தன்னைக் காணவிடாமல், தான் மட்டும் காணும் பெண் ஆதிக்கக்காரனை எரிச்சலூட்டுகிறாள் என்பது அவர் கண்டு சொன்னவற்றில் ஒன்று. ஃபனோன் முஸ்லிம் அல்லர். மார்த்தினீக் தீவைச் சேர்ந்த மனநல மருத்துவர். அந்த எரிச்சலின் நாடியை அவர் சரியாகவே பிடித்தார்.

இப்போது 1960க்கு வருவோம். மார்க் கராஞ்சே என்னும் 25 வயது இளைஞர் கட்டாய இராணுவ சேவைக்காக அல்ஜீரியா அனுப்பப்பட்டார். அதற்கு முன்பே புகைப்படத்தைத் தொழிலாகக் கொண்டவர். இந்தப் போரை வெறுத்தவர். அல்ஜியர்ஸுக்குத் தென்கிழக்கே, இன்று சூருல் குஸ்லான் என்று அழைக்கப்படும் ஓமால் பகுதியில் அவருடைய படைப்பிரிவு இருந்தது. அவர் அதன் புகைப்படக்காரரானார். முகாம்களில் உள்ள அனைவரையும் அட்டைக்காகப் படம் எடுக்கும்படி தளபதி உத்தரவிட்டார்.

பத்து நாள்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 பேர். மொத்தம் சுமார் 2,000 பேர். பெரும்பாலும் பெண்கள், ஆண்களில் பலர் மலையில் இருந்தார்கள், சிறையில் இருந்தார்கள், அல்லது கபுரில் இருந்தார்கள். வெள்ளையடித்த ஒரு சுவர். அதன் முன்னே ஒரு முக்காலி. படைவீரர்கள் சூழ்ந்து நிற்க, ஒவ்வொருவராக வந்து அமர வேண்டும். திரையை எடுக்க வேண்டும் என்பது தளபதியின் கட்டளை. அந்நிய ஆண் முன்னே ஒருபோதும் முகம் காட்டாமல் வாழ்ந்தவர்கள், தலைமுடி கலைந்து, மேலாடை தளர்ந்து, வெயிலில் கண்கள் சுருங்க, துப்பாக்கி ஏந்தியவர்கள் நடுவே அமர்ந்தார்கள். மறுக்கும் வழி அவர்களுக்கு இல்லை.

மறுக்க வழியில்லாத இடத்தில் அவர்கள் ஒன்றைச் செய்தார்கள். காமிராவை நேராகப் பார்த்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் எல்லாரும் பேசுவது அந்தப் பார்வையைப் பற்றித்தான். கிழவிகளின் பார்வையில் இகழ்ச்சி. இளம்பெண்கள் சிலரிடம் கோபம். சிலர் உதடுகளை இறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். மிகச் சிலர் பார்க்கவே மறுத்துக் கண்ணைத் தாழ்த்தியிருக்கிறார்கள். அட்டைக்கு வேண்டியது அசையாத ஒரு முகம். கிடைத்ததோ இது. தம்மை மிக அருகில் நின்று சுடுவதுபோல் அப்பார்வைகள் இருந்தன என்றும், சொல்லில் வராத எதிர்ப்புக்கு முதல் சாட்சி தாமே என்றும் கராஞ்சே பிற்காலத்தில் பலமுறை கூறியிருக்கிறார்.

அவர் வேறொன்றும் செய்தார். அட்டைக்குத் தலை மட்டும் போதும். அவரோ இடுப்புவரை தெரியும்படி சட்டமிட்டு எடுத்தார். அமெரிக்கப் பூர்வகுடிகளை எட்வர்ட் கர்ட்டிஸ் எடுத்த படங்கள் தம் மனத்தில் இருந்ததாகச் சொல்லியிருக்கிறார். அட்டைக்காகச் சிறு சதுரமாக வெட்டிக் கொடுத்துவிட்டு, முழு நெகட்டிவைத் தம்மிடம் வைத்துக்கொண்டார். படங்களைப் பார்த்த அதிகாரி, மற்ற அதிகாரிகளை அழைத்து அப்பெண்களின் தோற்றத்தை எள்ளி நகையாடினாராம். இந்த முகங்களுக்காக ஒருநாள் உலகின் முன் பேசுவேன் என்று அன்றே தமக்குள் உறுதி கொண்டதாக கராஞ்சே சொல்கிறார். 1961இல் விடுமுறையில் வந்தவர், திருட்டுத்தனமாக எல்லை கடந்து சுவிட்சர்லாந்து சென்று ஒரு சஞ்சிகையில் ஆறு படங்களை வெளியிடச் செய்தார். 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. 1966இல் பிரான்சில் அவருக்கு நியெப்ஸ் விருது கிடைத்தது. 1982இல் 'அல்ஜீரியப் பெண்கள் 1960' என்று நூலே வந்தது.

கராஞ்சேயை நான் வீரராகக் காட்ட விரும்பவில்லை. உள்ளத்தில் வெறுத்தபடியே கட்டளையை நிறைவேற்றினார். முக்காலியும் சுவரும் துப்பாக்கியும் அவர் பக்கத்தில்தான் இருந்தன. அப்பெண்களைப் பொறுத்தவரை அவர் எதிரிப் படையின் சீருடை. அவருடைய மனச்சான்று அன்று அவர்களுக்குத் தெரியவும் இல்லை, உதவவும் இல்லை. ஆனால் அவர் ஒளிக்கவில்லை. தாம் செய்தது ஒரு வன்முறை என்பதைத் தாமே சொன்னார். அவ்வளவாவது சொல்லும் அதிகாரிகள் எத்தனை பேர்?

அந்நூல் இன்னொரு கேள்வியையும் எழுப்புகிறது. பாரிஸிலும் பிற நகரங்களிலும் கண்காட்சிச் சுவர்களில் அப்படங்கள் தொங்கின. பல படங்களின் கீழே 'அல்ஜீரியப் பெண், 1960' என்பது மட்டுமே. அட்டையில் பெயர் இருந்தது; அட்டைக்காரன் அப்பெயரைக் கொண்டு அவர்களை வேவு பார்த்தான். கலையாக மாறியபோது பலருக்கு அந்தப் பெயரும் போய்விட்டது. ஒருமுறை களையப்பட்ட திரை, ஒவ்வொரு மறுபதிப்பிலும் மீண்டும் களையப்படுகிறது. பார்ப்பவர் பரிவோடு பார்க்கிறார் என்பதற்காக, பார்க்கப்படுபவர் சம்மதித்தவராகிவிடுவாரா?

குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் இரண்டு வசனங்கள் அடுத்தடுத்து வருகின்றன. 12ஆம் வசனம் பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதை, 'தஜஸ்ஸுஸ்' என்பதை, விலக்குகிறது. 13ஆம் வசனம் மக்கள் சமூகங்களாகவும் கிளைகளாகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே என்கிறது. 'தஆருஃப்' என்ற அச்சொல்லின் அமைப்பிலேயே இருபக்கமும் இருக்கிறது. நான் உன்னை அறிவதும் நீ என்னை அறிவதும். பல ஆண்டுகளாக இவ்விரு வசனங்களையும் பாடம் சொல்லி வருகிறேன். அறிதலும் வேவும் இத்தனை நெருக்கமாக ஏன் வைக்கப்பட்டுள்ளன என்று இந்தப் படங்களைப் பற்றிப் படித்தபோதுதான் நின்று யோசித்தேன். அட்டை எடுத்தவனுக்கு அப்பெண்ணைத் தெரியும். அவளுக்கு அவன் பெயர் தெரியாது.

இது முடிந்துபோன கதையும் அன்று. 2022இல் சின்ஜியாங் காவல்துறைக் கோப்புகள் கசிந்து வெளியாயின. 2018இல் எடுக்கப்பட்ட, தடுத்துவைக்கப்பட்ட உய்கூர் மக்களின் முகங்கள், 2,800க்கும் மேற்பட்டவை. 15 வயதுச் சிறுமி முதல் 73 வயது மூதாட்டி வரை. அங்கும் வெற்றுச் சுவர்தான். சில படங்களின் ஓரத்தில் காவலர் நிற்பது தெரிகிறது. கண்ணீர் தளும்பிய ஒரு மூதாட்டியின் முகத்தைப் பார்த்துவிட்டு அன்று மாலை வகுப்பு எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

2004இல் கராஞ்சே மீண்டும் அல்ஜீரியா சென்றார். தாம் படம் எடுத்த கிராமங்களைத் தேடி, படங்களைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். சிலரைக் கண்டுபிடித்தார். ஆத்திரத்தை எதிர்பார்த்துத்தான் போயிருப்பார் என்று நினைக்கிறேன். அப்பெண்களில் பலரிடம் தம் இளமையைக் காட்டும் வேறு படமே இருந்ததில்லை. அவமானத்தின் சாட்சியாக எடுக்கப்பட்டது, இருபது வயதில் தான் எப்படி இருந்தோம் என்பதற்கான ஒரே சாட்சியாகவும் இருந்தது. அவர்களில் சிலர் அதே ஆளின் காமிரா முன் மறுபடி அமர்ந்தார்கள், இம்முறை தம் விருப்பப்படி. கராஞ்சே 2020இல் இறந்தார்.

இதைப் படித்தபோது எனக்கு என் நன்னியின் நினைவு வந்தது. வாழ்நாள் முழுவதும் படம் எடுக்க மறுத்தவர். ஹஜ் விண்ணப்பத்துக்காக ஒரே ஒரு முறை எடுத்தார்கள். அன்று வீட்டுக்கு வந்து வெகுநேரம் யாரிடமும் பேசவில்லையாம். அவர் மவுத்தாகி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. அந்தப் படத்தின் ஒரு பிரதி என் தாயாரின் அலமாரியில், துணிகளுக்கு அடியில், ஓர் உறையில் இருக்கிறது. சுவரில் மாட்டவில்லை, கிழித்துப் போடவும் இல்லை. என் தாயார் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ எடுத்துப் பார்த்துவிட்டு, மீண்டும் துணிக்கடியில் வைத்துவிடுவார். நன்னி இருந்திருந்தால் இதற்குச் சம்மதித்திருப்பாரா என்று ஒருமுறை கேட்டேன். "எனக்கு அவங்க மொகம் மறந்துடக் கூடாதுல்ல" என்றார்.

இக்கட்டுரையோடு அல்ஜீரியப் பெண்களின் படங்களை இணைக்க வேண்டும் என்று இத்தளத்தைக் கவனிக்கும் தம்பிகள் கேட்டார்கள். படம் இருந்தால் பத்துப் பேர் கூடுதலாகப் படிப்பார்கள் என்பது உண்மைதான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தேடினால் எவருக்கும் கிடைக்கும். ஆனால் என் கையால் அந்தத் திரையை இன்னொருமுறை எடுக்க மனம் ஒப்பவில்லை. மறைத்துவிட்டால் அவர்களின் அந்தப் பார்வையையும் சேர்த்தல்லவா மறைக்கிறீர்கள் என்று ஒரு தம்பி வாதிட்டார். அதற்கு என்னிடம் முழுமையான மறுமொழி இல்லை.

மாணவிக்கு வகுப்பில் இந்தக் கதையை வாய்மொழியாகவே சொன்னேன். உதவித்தொகைக்கான விதிமுறைகளை எடுத்து இருவரும் சேர்ந்து படித்தோம். முகம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று இருந்தது. காதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மறுநாள் முக்காட்டோடு வேறு படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டினாள். பழைய படத்தின் மீதிப் பிரதிகளை ஸ்டுடியோவிலிருந்து கேட்டு வாங்கி வந்துவிட்டதாகவும், கணினியில் இருந்ததைத் தன் கண்முன்னே அழிக்கச் சொன்னதாகவும் சொன்னாள்.